கஞ்சி கொடுத்த கைகள்: புனித யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்வு

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு ஒரு பெரியாரின் வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, யாரைப் பற்றி எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. எல்கடுவையில் எங்கள் லயத்து வீட்டின் சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு குருவானவரின் படம் மாட்டியிருந்தது. நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது அப்பாயி அவரை வெறுங்கால் சாமியார் என்றே சொல்வார். அவருடைய பெயர் யோசப் வாஸ் என்பதையும், அவர் நடந்து திரிந்த கண்டி இராச்சியத்துக்குள்தான் எங்கள் மலையும் அடங்கியிருந்தது என்பதையும் பின்னர் பாடசாலையில் படித்துத்தான் அறிந்துகொண்டேன்.

அவருடைய வரலாற்றைப் பலர் எழுதியுள்ளனர். அவர் செய்த உதவிகளையே எல்லோரும் விரித்துச் சொல்வார்கள். அவர் பெற்ற உதவிகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். கஷ்டத்தில் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்த சாதாரண கிறிஸ்தவர்கள் இல்லாவிட்டால் அவர் இந்த நாட்டில் ஒரு மாதம்கூட உயிரோடு இருந்திருக்க முடியாது. ஒரு சங்கத்தின் நூற்றாண்டில் நினைக்கத்தக்க செய்தி அதுதான்.

கோவாவில் பிறப்பும் கல்வியும்

யோசப் வாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆந் திகதி கோவாவைச் சேர்ந்த பெனாவுலிம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை கிறிஸ்தோவாவோ வாஸ், தாய் மரியா டி மிராண்டா. ஆறு பிள்ளைகளில் இவர் மூன்றாமவர். கொங்கணி பேசும் பக்தியுள்ள கத்தோலிக்கக் குடும்பம் அது. தந்தையின் ஊரான சாங்கோவாலேயில் போர்த்துக்கேய மொழியும், பெனாவுலிமில் இலத்தீனும் படித்து, பின்னர் கோவா நகரில் இயேசு சபையாரிடமும் தொமினிக்கன் சபையாரிடமும் உயர்கல்வி பெற்றார். 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

குருவான உடனேயே அவர் செய்த காரியம் காலணிகளைக் கழற்றி வைத்ததுதான். ஏழைகள் நடப்பது போலத் தாமும் நடக்க வேண்டும் என்று வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினார். மறு ஆண்டு, 1677இல், தம்மைத் தேவதாயின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு சாசனம் எழுதிக் கையொப்பமிட்டார். 1681 முதல் 1684 வரை மங்களூர்ப் பக்கத்துக் கன்னடப் பகுதியில் பணியாற்றினார். கோவாவுக்குத் திரும்பிய பின் 1685இல் அங்கு சில உள்நாட்டுக் குருக்கள் சேர்ந்து வாழ்ந்த ஒரு சிறு குழுவில் இணைந்தார். அவர்கள் அவரையே தலைவராகத் தெரிவு செய்தார்கள். அதுவே கோவாவின் ஒரட்டோரியன் சபையாக வளர்ந்தது.

தலைவராக இருந்து வசதியாகக் காலம் கழித்திருக்கலாம். ஆனால் அவருடைய மனம் இலங்கைக் கத்தோலிக்கரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தது.

ஆயன் இல்லாத மந்தை

அக்காலத்து இலங்கையின் நிலையைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும். போர்த்துக்கேயரின் கடைசிக் கோட்டையான யாழ்ப்பாணம் 1658இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. ஒல்லாந்தர் கல்வீனிய சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள். கத்தோலிக்கக் குருக்கள் யாவரையும் அவர்கள் நாட்டை விட்டு வெளியேற்றினர். குருவானவர் ஒருவருக்கு வீட்டில் இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. கோவில்கள் பறிக்கப்பட்டன.

இப்படி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழிந்தன. ஒரு தலைமுறை முழுவதும் பூசை காணாமல் வளர்ந்துவிட்டது. எனினும் விசுவாசம் அழியவில்லை. பெற்றோர் பிள்ளைகளுக்குச் செபங்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். மூத்தவர்கள் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். சாகக் கிடப்பவர்களின் பக்கத்தில் இருந்து செபமாலை சொன்னார்கள். மாந்தையில் இருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனதாகவும், நாம் ஆடி மாதமும் ஆவணி மாதமும் பஸ் பிடித்துப் போகும் மடுத் திருத்தலத்தின் தொடக்கம் அதுவே என்றும் மரபு கூறுகிறது.

இன்னும் பலர் ஒல்லாந்தரின் கைக்கு எட்டாத கண்டி இராச்சியத்துக்குள் புகுந்தார்கள். பௌத்த அரசர்கள் ஆண்ட இராச்சியம் அது. அங்கே அவர்களுக்கு வாழ இடம் கிடைத்தது. எமது மாத்தளை மாவட்டத்தில் கலேவெலவுக்கு அருகிலுள்ள வஹகோட்டே கிராமம் அவ்வாறான ஒன்று. கண்டி அரசர்களால் குடியேற்றப்பட்ட போர்த்துக்கேயரின் வழிவந்தவர்கள் அங்கே காலப்போக்கில் சிங்களவராகவே ஆகிவிட்டார்கள். ஆனால் அந்தோனியாரை மட்டும் விடவில்லை. இன்றைக்கும் வஹகோட்டே அந்தோனியார் திருவிழாவுக்கு எங்கள் தோட்டத்து மக்கள் சாதி, சமய பேதமின்றிப் போய் வருகிறார்கள்.

குருவுக்காகக் காத்திருந்த இந்த மக்களைத் தேடித்தான் யோசப் வாஸ் அடிகளார் புறப்பட்டார். ஐரோப்பியக் குரு ஒருவர் வந்தால் தோல் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். தம்மைப் போன்ற ஓர் இந்தியர் கூலியாள் வேடத்தில் நுழைய முடியும் என்று அவர் கணக்கிட்டார்.

கடல் கடந்தது

1686இல் கோவாவிலிருந்து புறப்பட்டவர் பல மாதங்கள் பயணம் செய்து 1687இல் உயிர்த்த ஞாயிறு காலத்தில் தூத்துக்குடியை அடைந்தார். யுவான் என்ற உதவியாளன் ஒருவன் கூட வந்தான். குருவுக்குரிய உடையைக் கழற்றி, இடுப்பில் துணி சுற்றி, வேலை தேடிப் போகும் ஏழையைப் போலக் கப்பலேறினார். குடிக்கத் தண்ணீருக்கும் உண்ண உணவுக்கும் தட்டுப்பாடான பயணம் அது. யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது அடிகளாருக்குக் கடுமையான வயிற்றுளைவு கண்டிருந்தது.

எங்கள் மூதாதையரும் அந்தக் கடலைத்தான் கடந்தார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. எழுந்து நடக்க முடியாதவரை வழியோரத்தில் விட்டுவிட்டுப் போக வேண்டிய நிலை அன்று இருந்தது. ஆகவே யாழ்ப்பாண வழியோரத்தில் நோயோடு விழுந்து கிடந்த அந்த மனிதரை எங்களால் மனக்கண்ணில் எளிதாகக் காண முடிகிறது.

அவரைத் தொட்டால் நோய் தொற்றிவிடும் என்று பயந்து ஊரார் ஒதுக்கினார்கள். ஆட்கள் நடமாட்டம் இல்லாத பற்றைக்காட்டுப் பக்கம் அவரும் யுவானும் கிடந்தார்கள். யுவானுக்கும் நோய் வந்துவிட்டது. அந்த வேளையில் இரக்கமுள்ள ஒரு பெண் நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து அவர்களைக் காப்பாற்றினார் என்று வரலாறு கூறுகிறது. அந்தப் பெண்ணின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கிடப்பவர் குருவானவர் என்றும் அவருக்குத் தெரியாது. பசித்தவர், நோயாளி என்பது மட்டுமே தெரியும். இலங்கைத் திருச்சபையின் மறுபிறப்பு அந்தக் கஞ்சிச் சட்டியிலிருந்துதான் தொடங்கியது என்று சொன்னால் அது மிகையாகாது.

கழுத்தில் செபமாலை

உடல் தேறியதும் அடுத்த கஷ்டம் வந்தது. கத்தோலிக்கர் யார், அல்லாதவர் யார் என்று எப்படிக் கண்டறிவது? எல்லோரும் வெளியில் ஒல்லாந்தரின் கோவிலுக்குப் போய் வந்தார்கள். பயத்தினால் எவரும் வாய் திறக்கவில்லை. தவறான ஆளிடம் கேட்டால் சிறைதான்.

அடிகளார் செபமாலை ஒன்றைக் கழுத்தில் தெரியும்படி அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். செபமாலையைக் கண்டதும் எவர் முகம் மாறுகிறது என்று பார்த்தார். அப்படித்தான் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தை அடையாளம் கண்டார். தாம் யார் என்று அவர்களிடம் வெளிப்படுத்தினார். அவர்கள் அவரைச் சில்லாலை என்னும் கிராமத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கத்தோலிக்கர் உறுதியோடு வாழ்ந்த ஊர் அது.

சில்லாலையில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவர் மறைந்து வாழ்ந்தார். பகலில் தமிழ் கற்றார். இரவில் ஒரு வீட்டில் கூடி பூசை நடக்கும். பாவசங்கீர்த்தனம் கேட்பார், ஞானஸ்நானம் கொடுப்பார், திருமணங்களை ஆசீர்வதிப்பார். விடிவதற்குள் அடுத்த இடத்துக்கு நகர்த்தப்படுவார். அவருக்கு இடம் கொடுத்த ஒவ்வொரு வீட்டாரும் மரண தண்டனைக்குரிய குற்றத்தைச் செய்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. விளக்கை மறைத்து வைத்ததும், வாசலில் காவல் இருந்ததும், இன்னொருவருக்கு உண்ணக் கொடுத்து அண்டை அயலாருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டதும் அந்த வீட்டுப் பெண்களாகத்தானே இருந்திருப்பார்கள்.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தப் படையினர் பூசைக்குக் கூடியிருந்தவர்களைச் சுற்றி வளைத்தார்கள். ஏராளமானோர் பிடிபட்டார்கள். அடிகளார் மட்டும் அகப்படவில்லை. பிடிபட்டவர்களில் முக்கியமானவர்கள் என்று கருதப்பட்டவர்கள் கொடுமையான கசையடிக்கு உள்ளானார்கள். அவர்களில் ஒல்லாந்த சபையை விட்டு மீண்டு வந்த தொன் பேதுரு என்பவர் அந்த அடியால் உயிரிழந்தார். எஞ்சியவர்கள் கோட்டையில் கடூழியத்துக்கு அனுப்பப்பட்டார்கள். குருவானவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டு அடித்த அடிகள் அவை. தேடியவர்களின் கையில் அவர் கடைசிவரை சிக்கவேயில்லை.

தம்மைக் காப்பாற்றியதற்காக மற்றவர்கள் அடிபட்டுச் செத்தார்கள் என்ற நினைவோடுதான் அடிகளார் அதற்குப் பிந்திய ஆண்டுகளை வாழ்ந்திருக்க வேண்டும். கண்டியில் அவர் செய்த பணியைப் பார்க்கும்போது எனக்கு அடிக்கடி இது தோன்றும்.

கண்டிச் சிறை

யாழ்ப்பாணத்தில் இனித் தங்கினால் மக்களுக்குத்தான் ஆபத்து என்றானது. 1690இல் கண்டி அரசருக்குரிய புத்தளத்துக்கு வந்து அப்பகுதி மக்களிடையே பணியாற்றினார். பின்னர் 1692இல் தலைநகரான கண்டியை நோக்கிப் புறப்பட்டார்.

கண்டியில் அவருக்கு முன்பே அவரைப் பற்றிய புகார் போய்ச் சேர்ந்துவிட்டது. பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்து கண்டி அரசவையில் செல்வாக்கோடு வாழ்ந்த லனரோல் என்ற கல்வீனியர், வருகிறவர் போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று அரசரிடம் சொல்லிவிட்டார். இரண்டாம் விமலதர்மசூரியன் அப்போது அரசர். அடிகளாரும் அவரோடு வந்தவர்களும் பிடித்து அடைக்கப்பட்டார்கள்.

சிறையிலிருந்த காலத்தையும் அவர் வீணாக்கவில்லை. சிங்களம் கற்றுக்கொண்டார். காவலர்கள் இவர் ஒற்றன் அல்லர் என்று சில மாதங்களிலேயே புரிந்துகொண்டார்கள். காவல் மெல்ல மெல்லத் தளர்ந்தது. அடைபட்ட இடத்திலேயே ஒரு கொட்டிலைப் போட்டு அதைக் கோவிலாக்கினார். கண்டியிலிருந்த கத்தோலிக்கர் ஒருவர் இருவராக வரத் தொடங்கினார்கள். ஆற்றைக் கடந்து நகரை விட்டுப் போகக் கூடாது என்ற தடை நெடுநாள் இருந்தது. ஆனால் நோயாளி ஒருவர் அழைத்தால் தடையையும் பாராமல் போய் வருவார், போனவர் தாமாகவே திரும்பியும் வந்துவிடுவார். அந்த நேர்மையே அரசரின் மனதை மாற்றியது என்று நான் நம்புகிறேன்.

1696இல் கண்டியில் கடும் வரட்சி உண்டானது. மழைக்காகச் செபிக்கும்படி அரசர் அடிகளாரைக் கேட்டார் என்றும், வெளியிடத்தில் பீடம் அமைத்துச் சிலுவையை நாட்டி அவர் மன்றாடியபோது மழை கொட்டியது என்றும், அவர் முழந்தாளில் இருந்த இடம் மட்டும் நனையவில்லை என்றும் கத்தோலிக்க மரபு சொல்கிறது. அதன்பின் இராச்சியம் எங்கும் போய்வர அவருக்கு அனுமதி கிடைத்தது.

அதுவரை ஏறக்குறைய பத்து ஆண்டுகள், இந்தத் தீவு முழுவதற்கும் அவர் ஒருவரே குரு. 1697இல்தான் கோவாவிலிருந்து உதவிக்குக் குருக்கள் வந்தார்கள். வந்தவர்களில் யோசப் கர்வாலோ என்பவர் அடிகளாரின் மருமகன் முறையானவர்.

வைசூரி வந்த ஆண்டு

கர்வாலோ அடிகளார் வந்து சேர்ந்த அதே 1697இல் கண்டியில் வைசூரி பரவியது. அம்மைக்குத் தடுப்பூசி கண்டுபிடிக்கப்பட இன்னும் சுமார் நூறு ஆண்டுகள் இருந்தன. நோய் கண்டவரைக் கைவிட்டு ஓடுவதைத் தவிர அக்கால மக்களுக்கு வேறு வழி தெரியவில்லை. அரசர் நகரை விட்டு அகன்றார். பிரபுக்கள் போனார்கள். ஓடக்கூடியவர்கள் எல்லோரும் ஓடினார்கள். பெற்றோர் பிள்ளைகளையும் பிள்ளைகள் பெற்றோரையும் விட்டுப் போனார்கள். நோயாளிகள் காட்டோரங்களில் கொண்டுபோய் விடப்பட்டார்கள். அங்கே நோயைவிடப் பசியும் தாகமுமே அவர்களைக் கொன்றிருக்கும்.

அடிகளாரும் மருமகனும் நகரை விட்டுப் போகவில்லை. காட்டில் கிடந்தவர்களைத் தேடிப் போனார்கள். தலைக்கு மேல் ஒரு கூரை கிடைக்கும்படி கொட்டில்கள் போட்டார்கள். ஆட்கள் விட்டுப்போன வீடுகளில் நோயாளிகளைக் கிடத்தினார்கள். தண்ணீரும் கஞ்சியும் கொடுத்தார்கள். புண்களைக் கழுவினார்கள். அசுத்தத்தைத் தங்கள் கைகளாலேயே துப்புரவு செய்தார்கள். இறந்தவர்களுக்குக் குழி வெட்டிப் புதைத்தார்கள். ஒரு நாளல்ல, இரண்டு நாளல்ல, மாதக்கணக்கில் இதே வேலை.

நோயாளியைப் பராமரித்த அனுபவமுள்ள சகோதரிகளுக்கு இதன் பாரம் விளங்கும். அம்மைக்கு மருந்து இல்லை. ஆனால் தாகத்துக்குத் தண்ணீர் உண்டு. எழும்ப முடியாத ஒருவருக்கு இரண்டு வேளை கஞ்சி ஊட்டி, திருப்பிப் படுக்க வைத்து, துணி மாற்றிவிட்டால், பிழைக்கக்கூடிய உடம்பு பிழைத்துக்கொள்ளும். அடிகளார் செய்தது அவ்வளவுதான். அதைச் செய்வதற்கு அன்று கண்டியில் வேறு ஆள் இருக்கவில்லை.

கிறிஸ்தவரா, பௌத்தரா, இந்துவா, முஸ்லிமா என்று அவர் பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்தில் தமக்குக் கஞ்சி கொடுத்த பெண்ணும் அப்படிப் பார்க்கவில்லையே. தொற்று என்று பயந்து ஒதுக்கப்பட்டு வழியோரம் கிடந்தவர், பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அதே போல் ஒதுக்கப்பட்டவர்களுக்கு அதே கஞ்சியைக் கொண்டுபோனார். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தது போல.

நோய் தணிந்து மக்கள் நகருக்குத் திரும்பியபோது, இந்தக் குருமார் இல்லாதிருந்தால் கண்டி வீதிகள் பிணக்காடாகியிருக்கும் என்பதை அரசரே ஒப்புக்கொண்டதாகக் கூறப்படுகிறது. அடிகளாரை வெளியேற்றும்படி ஒல்லாந்தர் நெருக்கியபோதும் அரசர் இணங்கவில்லை. பௌத்த அரசர் ஒருவர், கிறிஸ்தவர்களால் விரட்டப்பட்ட ஒரு கிறிஸ்தவக் குருவுக்குப் பாதுகாப்பளித்தார். எங்கள் பிள்ளைகளுக்கு இந்த நாட்டின் வரலாற்றைச் சொல்லிக் கொடுக்கும்போது தவறாமல் சொல்ல வேண்டிய பகுதி இது.

மூப்பரும் அண்ணாவியாரும்

பின்வந்த ஆண்டுகளில் அடிகளார் நாடெங்கும் நடந்தார். ஒல்லாந்தரின் ஆட்சியிலிருந்த கரையோரப் பகுதிகளுக்கும் வேடமிட்டுப் போய் வந்தார். கோவாவிலிருந்து மேலும் குருக்கள் வந்தார்கள். ஆயினும் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு குரு என்பது நடவாத காரியம். ஒரு ஊருக்கு வருடத்தில் ஒரு முறை குரு வந்தாலே பெரிய காரியம்.

ஆகவே அவர் ஊர் மக்களிலேயே பொறுப்பானவர்களைத் தெரிந்தெடுத்தார். கோவில் காரியங்களையும் ஊரின் நன்மை தீமைகளையும் பார்த்துக்கொள்ள மூப்பர் என்று ஒருவர். செபம் சொல்லவும் ஞானோபதேசம் படிப்பிக்கவும் அண்ணாவியார் என்று ஒருவர். குருவானவர் இல்லாத நாட்களில் மக்களைச் செபத்துக்குக் கூட்டுவதும், பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதும், நோயாளிகளையும் மரணப்படுக்கையில் இருப்பவர்களையும் கவனிப்பதும் இவர்கள் வேலை. முப்பது ஆண்டுகள் குரு இல்லாமல் மக்கள் தாமாகவே செய்து வந்ததை அவர் ஒழுங்குபடுத்திக் கொடுத்தார் என்று சொல்லலாம். தலைவன் ஒருவன் போனாலும் வேலை நிற்காதபடி அமைப்பது எப்படி என்பதை அவர் தெரிந்து வைத்திருந்தார்.

1705இல் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் வந்து சேர்ந்தார். சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் பல எழுதிய பேரறிஞர் அவர். தவக்காலத்தில் பாடி வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம் அவர் எழுதியதே. குரு இல்லாத கிராமத்திலும் அண்ணாவியார் எடுத்து வாசிக்கப் புத்தகம் வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்த எழுத்துகள் அவை.

யோசப் வாஸ் அடிகளாரை ஆயராக உயர்த்தும் யோசனையும் ஒருமுறை எழுந்தது. அவர் அதை ஏற்கவில்லை. வெறுங்காலோடு நடப்பதே தமக்குப் போதும் என்றிருந்துவிட்டார்.

இறுதி நாட்கள்

1707இல் விமலதர்மசூரியன் காலமாகி, அவருடைய மகன் ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் அரசரானார். அவரும் அடிகளாரிடம் மதிப்பு வைத்திருந்தார். ஆனால் நீண்ட நடையும் பட்டினியும் காய்ச்சலும் அடிகளாரின் உடலைத் தின்றுவிட்டன. 1710இல் நோயுற்றவர் அதிலிருந்து முற்றாக எழும்பவில்லை. தம்மைச் சுற்றியிருந்த இளைய குருக்களின் பராமரிப்பில், 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆந் திகதி கண்டியில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 59. கண்டியிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கல்லறை இருந்த இடம் காலப்போக்கில் மறைந்து போனது. ஊர் பேர் தெரியாத எத்தனையோ தோட்டத் தொழிலாளரைப் போல அவரும் இந்த மலைநாட்டு மண்ணில் கலந்துவிட்டார்.

அவர் மூட்டிய விளக்கு அணையவில்லை. ஒல்லாந்தர் ஆட்சி முடிந்து, ஆங்கிலேயர் 1806இல் கத்தோலிக்கருக்கு இருந்த தடைகளை நீக்கியபோது, இந்நாட்டில் கத்தோலிக்க மக்கள் பெருந்தொகையாக இருந்தார்கள். 1995ஆம் ஆண்டு ஜனவரி 21ஆந் திகதி கொழும்பில் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆந் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். அன்று எங்கள் பகுதியிலிருந்து போனவர்கள் முதல் நாள் இரவே புறப்பட்டு, திடலில் பனியில் விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். என் அம்மாவும் போயிருந்தார். வயதான காலத்தில் ஏன் இந்த அலைச்சல் என்று நான் தடுத்தேன். அவர் கேட்கவில்லை.

நமக்கு அவர் யார்?

கொரோனா காலத்தில் எங்கள் லயத்துக்கும் அந்நோய் வந்தது. ஒரு கிழமை எங்கள் வீட்டுக் கதவு அடைபட்டுக் கிடந்தது. வழியில் போகிறவர்கள் மறுபக்கமாக ஒதுங்கிப் போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் தொங்கல் காம்பராவில் இருந்த ஓர் அக்கா, மாரியம்மனுக்கு விரதம் பிடிக்கிறவர், காலையும் மாலையும் எங்கள் வாசல்படியில் ஒரு தூக்குச்சட்டியை வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போவார். முதல் நாள் சட்டியைத் திறந்து பார்த்தேன். கஞ்சி. அம்மா சுவரிலிருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தார். நான் ஒன்றும் பேசவில்லை.

கிறிஸ்தவர்கள் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்க வேண்டும் என்று நாங்கள் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். அது நல்ல படிப்பினைதான். அப்படிச் சுமந்ததால்தான் சில்லாலையும் வஹகோட்டேயும் நிலைத்தன. ஆனால் அடிகளாரின் வாழ்க்கை அதற்கு அப்பாலும் ஒரு வழியைக் காட்டுகிறது. தம் மக்களைத் தேடித்தான் அவர் வந்தார். வந்த இடத்தில் எல்லோருமே தம் மக்களாகிவிட்டார்கள்.

நமது சங்கத்துக்கு இப்போது நூறு வயது. விழாவும் மலரும் வேண்டியவைதான். அதே நேரம் நம்மோடு ஒரே வகுப்பில் படித்தவர்களில் எத்தனை பேரின் முகத்தை நாம் மறந்துவிட்டோம் என்று எண்ணிப் பார்க்கிறேன். மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போய் உடம்பு கெட்டுத் திரும்பி வந்தவள் இருக்கிறாள். கணவனை இழந்து, பிள்ளைகளின் பாடசாலைச் செலவுக்கு வழியில்லாமல் இருப்பவள் இருக்கிறாள். கொழுந்து பறித்துப் பறித்து இடுப்பு விழுந்து லயத்துக் காம்பராவில் படுத்தே கிடப்பவளும் இருக்கிறாள். சந்தா கட்டவில்லை என்பதற்காகச் சிலரின் பெயர் நம் பதிவேட்டிலும் இல்லை. வெட்கத்தினால் அவர்கள் கூட்டத்துக்கும் வர மாட்டார்கள். செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அடிகளார் வீடு வீடாகப் போனது போல, நாம்தான் அவர்களைத் தேடிப் போக வேண்டும்.

ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு மூப்பர் போல, நம் சங்கத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சகோதரி பொறுப்பெடுத்தால் என்ன? மாதம் ஒருமுறை, தன் பகுதியில் யார் நோயாக இருக்கிறார், யார் தனியாக இருக்கிறார் என்று போய்ப் பார்த்து வந்தால் போதும். பெரிய நிதி எதுவும் தேவையில்லை. எல்கடுவைப் பகுதிக்கு அந்தப் பொறுப்பை ஏற்க நான் ஆயத்தமாக இருக்கிறேன் என்பதை இந்த மலரின் மூலம் அறியத் தருகிறேன்.

ஜனவரி 16 புனித யோசப் வாஸ் அடிகளாரின் திருநாள். வருகிற திருநாளுக்கு முன் ஆளுக்கு ஒரு வாசல்படியையாவது மிதித்திருப்போம். நம் சங்கத்தின் இரண்டாவது நூறு ஆண்டுகள் அங்கிருந்து தொடங்கட்டும்.